என் கெட்டிமேளம்

ஆவணி 20, ஞாயிறு

பேராவூரணியில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், பந்திக்குத்தான் என் சாக்ஸபோன். தாலி எடுக்கும்போது நாதஸ்வரக்காரர் போன் பேச வெளியே போயிருந்தார். கெட்டிமேளத்துக்கு ஐயர் விரலை ஆட்டினார். தவில் தனியாக முழங்கியது. நான் எழுந்து வாசித்தேன். தாலி ஏறியது.

பெண்ணின் மாமா பாய்ந்து வந்தார்.

“யாரும்மா உங்கள ஊதச் சொன்னது? இதெல்லாம் மங்கல வாத்தியமா? அவர் வந்து திரும்ப ஊதட்டும்.”

“அப்ப தாலியையும் திரும்பக் கட்டுவீங்களா?”

குனிந்திருந்த மணப்பெண் சிரித்துவிட்டாள். பந்திக்கு வாசிக்க வேண்டாம் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் கற்கும் செல்வி பஸ்ஸில் கேட்டாள்: “இனிமே நம்மள யாரு டீச்சர் கூப்பிடுவாங்க?”

எனக்கும் தெரியவில்லை. ஆனால் நாளைக் காலை வகுப்பில் அவளுக்கு முதல் பாடம் கெட்டிமேளம்தான்.