‘பத்திரம்’ என்று நாம் ஒட்டிய ஸ்டிக்கர்

மாப்ளே,

இன்று கடையின் மேல்தட்டை ஒழிக்கும்போது நம் பழைய வைஃபை ஆன்டெனா கைக்கு வந்தது. லேப்டாப்பில் சொருகி வீடு வீடாகச் சோதித்தோமே, அதேதான். நீ சுற்றிய கறுப்பு டேப் இன்னும் பிசுபிசுக்கிறது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல் அதை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மலையாள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் நாம் இருவரும் இன்டர்நெட் இணைப்புக் கடை போட்ட புதிதில் நமக்கு வாய்ச்சவடால் அதிகம். இணைப்புக் கொடுத்த வீட்டின் வைஃபைக்குள் வெளியாள் நுழைய முடியுமா என்று நாமே முயன்று பார்ப்போம். முடியாவிட்டால் கதவோரம் ‘பத்திரம்’ என்று ஒரு ஸ்டிக்கர். தோப்புக்காரர்கள் அதைத் திருஷ்டிப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்வார்கள். நம் சாப்ட்வேரோ அரதப்பழசு. புது ரௌட்டர்களிடம் அதன் பாச்சா பலிக்காது. அது தோற்றதை வீட்டின் பலம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

வேலந்தாவளம் ரோட்டில் ஒரு தோப்பு வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அந்த வீட்டு இணைப்பிலிருந்து யாரோ ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாக எழுதியிருந்தார்கள். வீட்டில் இருந்தது ஒரு தாயும், நர்ஸ் படிப்பு முடித்த மகளும்தான். மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. கேஸ் ஆனால் பயணம் நின்றுவிடும். அந்தத் தாய், வெளியாள் நுழைய வழியே இல்லை என்று பெருமையாக நம் ஸ்டிக்கரைக் காட்டிவிட்டார். அப்படியானால் எழுதியது மகள்தான் என்று ஆகிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் நீ கோயம்புத்தூர் போய்ப் புதுச் சாப்ட்வேர் வாங்கி வந்தாய். அந்தம்மாவிடம் கேட்டுக்கொண்டு தோப்பில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தாய். அவர் கொடுத்த டீயை நான் குடித்து முடிப்பதற்குள் நீ அந்த வைஃபைக்குள் நுழைந்துவிட்டாய். வெளியே சொன்னால் கடையை மூட வேண்டியதுதான், வாயைத் திறக்காதே என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ என்னோடு சண்டை போடவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு வண்டியை விட்டாய்.

“சாரே, அந்த ஸ்டிக்கர் பொய்யுங்க. ஒட்டுனது நாந்தானுங்க” என்றாய். “யாரு எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. வெளியாளு உள்ள வரலாம்னு மட்டும் தெரியுமுங்க.”

பழி உன் மேலேயே திரும்பலாம், தெரியுமா என்று எஸ்.ஐ. மலையாளத்தில் கேட்டார். தெரியும் என்று தலையாட்டினாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அன்றைக்கு உன் மேல் வந்த மரியாதையை உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நீ பெரிய மனுஷன்.

ஒரு வாரத்தில் ஆள் அகப்பட்டான், பக்கத்துத் தோப்பில் வாடகைக்கு இருந்தவன். அந்த நர்ஸ் மகளும் விமானம் ஏறினாள். நீயோ வீடு வீடாகப் போய் ஸ்டிக்கரைச் சுரண்டினாய். ஒரு பெரியவர், “இருக்கட்டும் உடுங்க, ஊட்டுக்கு அழகா இருக்குது” என்று தடுத்தார். அவரை உட்கார வைத்து, ரௌட்டரைச் சரிசெய்து, ஏன் என்று விளக்கிவிட்டுத்தான் அதையும் சுரண்டினாய். பாதிப் பேர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை.

நேற்று நல்லேப்பிள்ளியில் ஒரு புதுவீட்டுக்காரர், இனி யாரும் உள்ளே வர முடியாதல்லவா என்று கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்ச வழியில இன்னைக்கு வர முடியலீங்க. தெரியாத வழி இருக்கலாமுங்க” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. இன்னொருத்தர் கியாரண்டி தருகிறாராம், அவரையே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். சரிங்க என்று ஒயரைச் சுருட்டினேன். எனக்குப் பயமே வரவில்லை, மாப்ளே. ஒளிந்துகொள்ள உன் முதுகும் அங்கே இல்லை.