மழை பெய்யாத நாளில் கழிந்த கொழுந்து

என் சண்டைக்கார அக்காவுக்கு,

பிலிமத்தலாவைக் கடைத்தெருவின் மாடியறையில் இப்போது நான் மட்டும்தான். உன் கதிரையில் யாரையும் உட்கார விடவில்லை. போன வாரம்வரை நீ எழுதிய கணினி நிரலிலும் கை வைக்கவில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின்தராசுகளுக்காக நாம் எழுதியது அது. ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். கம்பளைத் தோட்டத்தில் சாக்கின் எடையை மட்டும். நீ இரண்டையும் ஒரே கோப்பில் எழுதி, "இந்தத் தோட்டமென்றால் இந்த வரிகள்" என்று நிபந்தனைகளைச் செருகினாய். நிரலைக் கம்பைல் செய்து தராசுக்கு ஏற்றபடி மாற்றும்போது அந்தந்தத் தோட்டத்துக்கு உரியது மட்டும் தராசுக்குள் போகும்.

எத்தனை சண்டை!

"வாசிக்கவே முடியலக்கா."

"ஒரே கணக்க ரெண்டு எடத்துல எழுதச் சொல்றியா? ஒன்னத் திருத்திட்டு மத்தத மறந்துருவ. புரியலன்னா கேளு, நான்தான் இருக்கேனே."

நீ கண்ணை மூடியபின் மூன்றாவதாக ஒரு தோட்டம் வந்தது. அவர்களுக்கும் ஈரக்கழிவு வேண்டுமாம். உன் கோப்பைக் கலைக்க மனமில்லாமல், இன்னொரு நிபந்தனையை மட்டும் சேர்த்தேன். சோதித்துப் பார்க்க கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனால் நல்ல வெயில். முதல் ஆளாகக் கூடையை வைத்த, கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா தராசின் எண் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வெயிலு மண்டையப் பொளக்குது. இந்த மிசினுக்கு மட்டும் மழ பெய்யுதா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவர் பறித்த கொழுந்து அல்லவா? பழைய தராசிலேயே நிறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மழையா என்று பார்க்கும் வரி ஹுன்னஸ்கிரிய நிபந்தனைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. புதிய தராசுக்குக் கழிவு போனது, அந்தக் கேள்வி போகவில்லை. எது எங்கே முடிகிறதென்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விட்டது. கேட்கலாமென்றால் நீ எங்கே இருக்கிறாய்?

பிரித்துவிட்டேன் அக்கா. நிறுக்கும் கணக்கு எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவாக ஒரே இடத்தில், நீ எழுதியபடியே இருக்கிறது. கழிவு விதிகள் மட்டும் தோட்டத்துக்கு ஒரு சிறு கோப்பாக. எந்தக் கோப்பு என்பதற்கு ஒரேயொரு நிபந்தனை. சில வரிகள் இரண்டு இடங்களில் வருகின்றன, திட்டுவாய். உன் வரிகளை அழித்தபோது அழுதேன். கோபமா?

நேற்று அந்த அக்காவின் கொழுந்துக்குத் தராசு சரியான எடை காட்டியது.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எதை எழுதினாலும், கேட்பதற்கு நான் இல்லாத நாளில் ஒருவர் அதைத் திறப்பார் என்று நினைத்தே எழுதுவேன்.

இன்னும் உன்னோடு வாதாடிக்கொண்டிருக்கும் தம்பி,
சேகர்