தங்கை படித்த பலகை

அன்புள்ள மகளுக்கு,

எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். தொடங்கிவிட்டேன். நம் பேச்சைப் பள்ளிக்கூடத்து எழுத்தில் எழுதுவதால் பிழை இருக்கும். வாய்விட்டுப் படி, என் குரலில் கேட்டுவிடும். நர்ஸ் படிப்பில் ஊசி போட விட்டார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை பள்ளிக்கூடத்து மொழியில் எதைக் காட்டினாலும் தடுமாறாமல் படிக்கிறாள். சோதிக்க வந்த அதிகாரி பென்சில் பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். படித்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் முழிக்கிறாள். வகுப்பில் அர்த்தம் கேட்கும் வழக்கமே இல்லையாம். நம் மொழியில் ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் மூலையில் நிற்க வேண்டும். உன் காலத்திலும் அப்படித்தான். நீ எப்படியோ அர்த்தத்தையும் பிடித்துக்கொண்டாய்.

மேல் ஊற்றைச் சுற்றிச் சுரங்கக்காரர்கள் வேலி போட்டுவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் ஓடைத் தண்ணீர்தான். போன மாதம் ஓடைக்கரையில் ஒரு மஞ்சள் பலகை நட்டார்கள். மேலே மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும், கீழே எழுத்து. நீ சின்ன வயதிலேயே விடுதிக்குப் போனவள், மறந்திருப்பாய். நல்ல ஊற்று கண்டால் நம் ஆட்கள் பக்கத்துக் கல்லில் மண்டையோடு வரைந்துவைப்பார்கள், முன்னோர் காவல் இருக்கிறார்கள் என்று. மாமா பலகையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நம்ம முறை அவனுக்கும் தெரிஞ்சிருக்கே" என்றார். அன்று முதல் பெண்கள் குடத்தோடு அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் இறங்குகிறார்கள்.

தங்கை அதை ஒரே மூச்சில் படித்துக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினோம். பிள்ளைகள் அதைக் கயிறு தாண்டும் பாட்டாக்கிவிட்டார்கள். அதில் 'தண்ணீர்' என்ற ஒரு சொல் மட்டும் தெரியும் என்கிறாள்.

பலகை நட்ட ஆளுக்கு அம்மா ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினாள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பையிலிருந்த தன் பாட்டிலை எடுத்துக் குடித்தான். துரைக்கு நம்ம சொம்பு ஆகாதாம் என்று மாமா கேலி செய்தார். இப்போது எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

மீன் கையால் அள்ளும்படி மேலே வந்து மிதக்கிறது. நாய் எழுந்திருப்பதில்லை. தங்கைக்கு எது கொடுத்தாலும் வாந்தி. நகத்தின் நிறம் மாறியிருக்கிறது. வாத்தியாரிடம் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் பலகையைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பலகை என்றுகூட விசாரிக்கவில்லை. "உங்க பொண்ணுதான் பிரமாதமா படிக்குதே, அதையே கேளுங்க" என்றார்.

அங்கே தண்ணீர் மொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எங்க போய் மொள்ளட்டும், உங்க தலையிலயா?" என்று கேட்டாள்.

பலகையில் இருப்பதைத் தங்கை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் அப்படியே எழுதியிருக்கிறாள். படுத்துக்கொண்டே எழுதினாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவளிடம் சொல். என்ன எழுதியிருக்கிறது என்பதை என்னிடம் சொல். பதில் கடிதம் போடாதே, வந்து சேர நாளாகும். கடைக்காரர் போனுக்குக் கூப்பிடு. விடுதியில் யார் திட்டினாலும் நம் மொழியிலேயே பேசு.

நீ குடிக்கும் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும்.

உன் அப்பா