இரும்புத் தகட்டில் பருத்தி வரைந்த மதினிக்கு

என் பிரியமுள்ள மதினிக்கு,

மத்தியான வெயில். பஜாரில் ஆள் நடமாட்டமே இல்லை. கல்லாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வியாபாரிகள் சங்கத்து மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கட்டுரையெல்லாம் எழுத வராது. உங்களிடம் பேசுவது மட்டும்தான் வரும்.

அசதியாக இருக்கிறது மதினி. உடம்பு அசதி என்றால் ஒரு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். இது அப்படிப் போவதாக இல்லை. நீங்கள் இல்லாமல் ஒரு தீபாவளி போய்விட்டது, தை மாதக் கல்யாண வியாபாரமும் முடிந்துவிட்டது. இரண்டையும் எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் முகம் தெரியாது. எப்படித் தெரியும்? அண்ணன் திடீரென்று போனபோது உங்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திருச்சுழிப் பக்கம் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தார்கள். நீங்கள் போகவில்லை. "அவுக பாத்த கடை, நானும் பாக்குறேன்" என்றீர்கள். அம்மா சரி என்றார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கண்ணில் நீங்கள் படக்கூடாது. அதனால் கடைக்குப் பின்னால் இருந்த அறை உங்களுக்கு.

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் முகப்புக் கண்ணாடிக்குள் ஏறிப் பொம்மைகளுக்குச் சேலை கட்டிவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். எண்பதுகளின் கடைசியிலிருந்து இத்தனை வருஷம் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் நின்று கொசுவ மடிப்பைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கட்டிய கை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கு அது வலித்ததா மதினி? ஒரு நாளும் நீங்கள் சொன்னதில்லை.

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு நாம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் அந்த நகைக்கடையைப் பார்த்தீர்கள். முகப்பு முழுக்க ஒரு தடுப்பு. அதில் கொடியும் இலையுமாகப் பூவேலை. வெட்டிய இடைவெளிகள் வழியாகப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. நீங்கள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"கொழுந்தனாரே, இங்க வாங்களேன். இது மரமா, தகரமா?"

வாசலில் நின்ற காவலாளிதான் பதில் சொன்னார். "இரும்புத் தகடும்மா. லேசர்னு ஒரு வெளிச்சத்த விட்டு வெட்டுறாகளாம். கோயம்புத்தூர்ல செஞ்சு வந்துச்சு."

"வெளிச்சம் இரும்ப வெட்டுமா?" என்று கேட்டீர்கள்.

திரும்பும்போது காரியாபட்டி தாண்டும்வரை நீங்கள் கண்ணை மூடியே வந்தீர்கள். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். திடீரென்று, "நம்ம கடைக்கு ஒன்னு செஞ்சிருவோமா?" என்றீர்கள்.

"மொதல்ல ஒடம்பு தேறட்டும் மதினி."

"ஒடம்பு தேறுறப்பத் தேறட்டும். கண்ணாடிக்குள்ள தெர்மாகோல் மஞ்சப் பூத்துக் கெடக்கு. பொம்மை பாவம்ல."

உண்மைதான். நம் முகப்பு மேற்குப் பார்த்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் தெர்மாகோலில் வளைவு செய்து ஜிகினா ஒட்டுவோம். பொங்கலுக்குள் கரிசல் புழுதி ஏறி, வெயிலில் வளைந்து, கரப்பான் குடியேறிவிடும்.

மயிலும் தாமரையும் வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அது எல்லாக் கடையிலும் இருக்கிறது. உங்களுக்குப் பருத்தி வேண்டும். இலை, மொட்டு, வெடித்த காய். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து பார்த்தீர்கள். டாக்டர் நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார். நீங்கள் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

அந்தப் பட்டறைக்காரர் உங்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லாருக்குங்க அம்மணி. ஆனா இந்தக் காயெல்லாம் தனித்தனியா மெதந்துட்டு நிக்குதுங்க. சுத்தி வெட்டுனா பொத்துன்னு கீழ விழுந்துருமுங்க. எல்லாம் ஒன்னையொன்னு தொட்டுட்டு இருந்தாத்தான் தகட்டுல நிக்கும்."

நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காய்க்கும் ஒரு காம்பு வரைந்து பக்கத்துக் கிளையோடு சேர்த்தீர்கள். அவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். நாளைக்கு வரச் சொன்னார்கள். லாட்ஜில் தங்கி மறுநாளும் போனோம். கறுப்புக் கண்ணாடி வழியாக நமக்கும் காட்டினார்கள். பெரிய சத்தம்கூட இல்லை, காற்று சீறுகிற சத்தம்தான். தகட்டுக்கு அடியில் பொறி கொட்டியது. ஒரு புள்ளி வெளிச்சம் உங்கள் கோட்டின் மேலேயே நடந்து போனது. அப்போது நீங்கள் சிரித்த சிரிப்பை அண்ணன் போன பிறகு நான் பார்த்ததில்லை.

ஆள் உயரத்துக்கு மூன்று தகடு. பித்தளை நிறத்தில் வண்ணம் அடித்து, சாக்கு சுற்றி லாரியில் வந்து இறங்கின. காலையில் சீக்கிரம் மாட்டத் தொடங்கியும் கடை திறக்கிற நேரத்துக்குள் முடியவில்லை. நீங்கள் முக்காலியில் ஏறிக் கண்ணாடிக்குள் நின்றீர்கள். நான் கீழே தகட்டைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாலவனத்தம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தாயார் உங்களைப் பார்த்தார். வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"ஏண்ணே, முகூர்த்தச் சேலை எடுக்க வந்திருக்கோம். அந்தம்மாவச் செத்த உள்ள போகச் சொல்லுங்களேன்."

மெதுவாகத்தான் சொன்னார். உங்களுக்குக் கேட்டுவிட்டது. நட்டு முறுக்கிய கை நின்றுவிட்டது. நீங்கள் இறங்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "அவுகதான் இந்தக் கடைக்கு முதலாளியம்மா. நீங்க உள்ள உக்காருங்க. இந்தா இப்ப வந்துருவாக. அவுகளே சேலை எடுத்துக் காட்டுவாக."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பெண் மட்டும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயார் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வேன் புறப்பட்டுவிட்டது.

அம்மா உள்ளிருந்து கத்தினார். "நல்ல நாளும் அதுவுமா வந்த யாவாரத்தக் கெடுத்துட்டீகளே ரெண்டு பேரும்!"

நீங்கள் குனிந்து என்னைப் பார்த்தீர்கள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. "கொழுந்தனாரே, எடது பக்கம் தாழ்ந்திருக்கு. தூக்கிப் பிடிங்க."

தூக்கிப் பிடித்தேன் மதினி.

அன்றைக்கு நீங்கள் பின் அறைக்குத் திரும்பவில்லை. மறுநாளும் போகவில்லை. முகப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள். அதனால் எல்லாம் நல்லபடி ஆனது என்று எழுத எனக்கும் ஆசைதான். வாடிக்கையாக வந்த சில குடும்பங்கள் சொல்லாமலே வருவதை நிறுத்திவிட்டன. விளக்கைப் போட்டால் தகட்டுக்குப் பின்னால் தொங்கும் சிவப்புப் பட்டு பருத்திக்காய்கள் வழியாகத் தெரியும். பாளையம்பட்டி டவுன் பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் சேலை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் உங்களிடம் கேட்டு எடுத்தார்கள். "அக்கா, எனக்கு எது எடுப்பா இருக்கும்?" என்று ஒரு டீச்சரம்மா கேட்டபோது, நீங்கள் ஒரு விநாடி திகைத்துப் போனது எனக்குத் தெரியும்.

அடுத்த மழைக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அதைப் பற்றி எழுத முடியவில்லை.

இங்கே உள்ள சேதி சொல்கிறேன். எதிர்ச் சாரியில் புதுக் கடை வந்திருக்கிறது, ஏசி போட்டு. அவர்களும் தகடு மாட்டியிருக்கிறார்கள், பெரிய மயில். நம் கூட்டம் கொஞ்சம் அங்கே போகிறது. பொம்மைகளுக்கு இப்போது என் வீட்டுக்காரி செல்விதான் கட்டுகிறாள். மடிப்பு உங்களுக்கு விழுந்த மாதிரி விழவில்லை என்று அவளே சொல்லிக் குறைப்படுகிறாள். வாரத்துக்கு ஒரு தடவை நான் தகட்டைத் துடைக்கிறேன். வெட்டின விளிம்பு இன்னும் கூர்தான், விரலைப் பதம் பார்த்துவிடுகிறது.

அம்மாவுக்கு நடக்க முடியவில்லை. போன மாதம் கடைக்கு வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அவ உக்காந்த நாற்காலிய எங்கடா?" என்றார். காட்டினேன். உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா என்ன நினைத்தார் என்று உங்களுக்காவது புரிகிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் பாலவனத்தத்திலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். பேச்சி என்று பெயர். புருஷன் லாரியில் அடிபட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விறுவிறுப்பானவள், சேலை ரகமெல்லாம் தெரிந்திருக்கிறது. முன்னால் நின்று வியாபாரம் பார்க்கச் சொன்னேன்.

"வேணாம்ணே. உள் வேலையாக் குடுங்க. நல்ல காரியத்துக்கு வாரவுக சங்கடப்படுவாக."

யாரும் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை மதினி. அவளாகவே கேட்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இப்போது பின் அறையில் உட்கார்ந்து சேலைகளுக்கு விலைச்சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய வளையல் இல்லாத கைகள் இங்கிருந்தே தெரிகின்றன.

நாளைக்குக் காலையில் அவளை முன்னால் வரச் சொல்வேன். மாட்டேன் என்பாள். மறுநாளும் சொல்வேன். வற்புறுத்த மாட்டேன், விடவும் மாட்டேன். அவளாக எழுந்து வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன். கடை எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியும்.

என்றும் உங்கள் கொழுந்தன்,
குருசாமி