முந்தின நாள் காட்டிய செடிகள்

பதில் எழுத முடியாத தூரத்துக்குப் போய்விட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். நான் திருச்சுழிப் பக்கத்துப் பள்ளியில்தான் இன்னும் தாவரவியல் எடுக்கிறேன். இந்த வருடம் மழை பிந்திவிட்டது. குதிரைவாலி விதைத்தவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சேதிகளையெல்லாம் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்கலாம் என்றிருந்தேன். முடியவில்லை. ஏன் அப்பா அப்படிச் செய்தீர்கள்?

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள். நான் படித்த பள்ளியிலேயே நீங்கள் லேப் அட்டெண்டர். அதுவரை என்னோடு சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசியிராத மனிதர், வெயில் தாழ்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கம்மாக்கரை வரைக்கும் போய் வருவோம், வா என்றீர்கள்.

கண்மாய்க் கரையில் ஒவ்வொரு செடியாக நின்றோம். ஆல விழுதைப் பிடித்துக்கொண்டு, கிளையிலிருந்து தொங்கினாலும் இது வேர்தான், தண்டு இல்லை என்றீர்கள். கோரையைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக் காட்டினீர்கள். ஆணிவேர் இல்லை, எல்லாம் சல்லிவேர்; இலையில் நரம்பு நேர்நேராக ஓடுகிறது; அதனால் இது ஒருவித்திலை. ஊமத்தை இலையில் நரம்பு வலையாகப் பின்னியிருந்தது, அது இருவித்திலை. அதன் பூவைக் கிழித்து, ஐந்து இதழும் ஒட்டிப் புனலாக நிற்பதைக் காட்டி, உள்ளே மகரந்தத் தாள்களை எண்ணச் சொன்னீர்கள். ஐந்து இருந்தன.

சப்பாத்திக்கள்ளி முன்னால்தான் அதிக நேரம் நின்றோம்.

"பச்சையா அகலமா இருக்குன்னு இத எலைன்னு எழுதிறாத. இது தண்டு. தண்ணி வீணாப் போயிறக்கூடாதுன்னு எலையெல்லாம் முள்ளாப் போச்சு. எல பாக்குற வேலையத் தண்டே பாத்துக்கிருது."

மறுநாள் தேர்வு மேசையில் அந்த நான்கும் இருந்தன. நம்ம காட்டில் வேறென்ன முளைக்கும், என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். நீங்கள் சட்டையைக் கழற்றியபடி, என் முகத்தைப் பார்க்காமல், அதெல்லாம் பரீட்சைக்கு வந்த சார் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது, எனக்கென்ன தெரியும் என்றீர்கள். நான் நம்பினேன். நீங்கள் சொல்லி நான் எதை நம்பாமல் இருந்தேன்?

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒவ்வொரு ஆண்டும் தாவரங்களைப் பற்றிய முதல் பாடத்தை அந்த மாலையில்தான் தொடங்குவேன். வேர் எது, தண்டு எது என்று எனக்குப் புத்தகம் சொல்லவில்லை, என் அப்பா சொன்னார் என்பேன். உங்களோடு எனக்கு இருந்த ஒரே மாலை அது.

நீங்கள் போன பிறகு, ஓய்வுபெற்ற நம் தாவரவியல் சார் துக்கம் கேட்க வந்தார். உங்களைப் பெருமையாகத்தான் பேசினார்.

"ஒங்கப்பா மாதிரி வேலை செய்ய இனி ஆளு இல்லம்மா. பரீட்சைக்கு முந்தின நாளே செடி லிஸ்ட்டைக் குடுத்துருவேன். விடியக்காலம் கம்மாக்கரைக்குப் போயி, அத்தனையும் பறிச்சு, ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்துருவாரு. ஒரு வருசம் தப்புனதில்ல."

நான் படித்த வருடமுமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

என்னால் தானாக எழுத முடியாது என்று முடிவு செய்துவிட்டீர்களா? இரவெல்லாம் படித்தேனே, பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நான் என் அறிவில் எழுதியிருப்பேனா என்பது இனி எனக்குத் தெரியவே போவதில்லை. அதையும் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள்.

பேச்சியம்மாளை நினைவிருக்கிறதா? என் பெஞ்சுக்காரி. கண்ணை மூடிக்கொண்டு இலையைத் தடவியே பேர் சொல்வாள். அன்று அவள் சப்பாத்திக்கள்ளியை இலை என்று எழுதிவிட்டாள். கல்லூரியில் தாவரவியலுக்கு ஓரிடம்தான் மிச்சமிருந்தது. இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் அது எனக்கு வந்தது. அவள் நூல் மில்லுக்குப் போனாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். நான் அழுதபோது, பொறாமை பிடித்தவள், விட்டுத்தள்ளு என்றீர்கள். எந்த வாயால் சொன்னீர்கள் அப்பா?

போன மாதம் பாலவனத்தத்துக்குப் பஸ் ஏறினேன். பேச்சி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மில் ஷிப்டு முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். ஆடு பத்திக்கிட்டு அந்தக் கரை வழியாத்தான் வந்தேன். ஒங்கய்யா கள்ளிச்செடிகிட்ட நின்னு ஒனக்குக் காட்டிக்கிட்டு இருந்தாக. மறுநா மேசையில பாத்ததும் வெளங்கிருச்சு. அட்டெண்டரு மகமேல நான் போயி யார்ட்டச் சொல்ல?"

பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"நீயும் சேந்துதான் செஞ்சேன்னு இருந்தேன். நெசமாவே ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். இத்தனை வருடம் அவள் மனதில் நான் திருடியாக இருந்திருக்கிறேன். என் மனதில் அவள் பொறாமைக்காரியாக இருந்திருக்கிறாள். பேச்சி என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. உள்ளே வரச்சொல்லி டீ கொடுத்தாள். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள்.

இந்த ஜூனில் முதல் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நடத்தினேன்.

எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வலிக்கிறது.

உங்கள் வருடத் திதிக்கு எல்லாம் முறைப்படி செய்வேன். சாரும் சொந்தக்காரர்களும் இலையில் உட்காரும் முன்பு, அந்தச் செய்முறைத் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண் எப்படி வந்தது என்று அவர்கள் முன்னால் சொல்வேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தடுக்கவில்லை. பேச்சியைக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோபம் ஆறாத,
உங்கள் மூத்த மகள்
வசந்தா