வராத ஆளுக்கு வாற மெசேஜ்

அப்பாவுக்கு,

பிரஷர் குளுசை ஒழுங்காப் போடுறியள் எண்டு நினைக்கிறன். எனக்கும் இப்ப பிரஷர் ஏறுது, உங்களாலதான்.

வங்கி வேலையை விட்டிட்டு கொழும்பு வெள்ளவத்தையில யோகா படிப்பிக்கிறன் எண்டதுக்காக என்ர போனை எடுக்கிறியளில்லை. ஆனா யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு எங்கட யோகா நிலையத்தின்ர ஆப்பில, என்ர சனிக்கிழமை வகுப்புக்கு இடம் மட்டும் புக் பண்ணுறியள். நீங்கள் வாறதுமில்லை, வரக்கூடிய ஆக்களுக்கு இடமுமில்லை. "ஆர் இந்தக் கதிர்காமநாதன்? ஆளை புளொக் பண்ணும்!" எண்டு மனேஜர் என்னைத்தான் பேசுறா.

வராத ஆக்களுக்கு, "உங்களைக் காணேல்லையே, சுகமா? மேனுகா" எண்டு ஆப் தானா மெசேஜ் அனுப்பும். அதுக்குத்தானே புக் பண்ணுறியள்? அதை நான் எழுதிறதில்லை, அப்பா. மெஷின் எழுதுறது.

அம்மாட்டைச் சொல்லி மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. இல்லாட்டி நீங்களே கொண்டாங்கோ. வகுப்புக்கு நேரமாச்சு.

உங்களைக் காணேல்லையே, சுகமா? இது நான் எழுதினது.

மேனுகா