கெளிற்று முள்

வெள்ளி, கார்த்திகை மாதம்

காலையில் தூறல். தோணியில் வாவி கடந்து அக்கா வீட்டுக்கு. மட்டக்களப்பு நகரில் ஷெல் சத்தத்தில் ஒழுங்கான நித்திரை இல்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று. இங்கே சுற்றிவரச் சதுப்பு, கண்ணாமரப் பற்றை, கொக்கு. ஒரு சத்தம் இல்லை. முதலில் அதுவே பயமாயிருந்தது.

அத்தான் றால் பிடித்து வந்தார். அக்கா புளி விட்டு ஆக்கினாள். இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். "ரவுணுக்க உனக்குச் சோறு போடுறல்லயா?" அத்தானுக்கு ஒரே சிரிப்பு.

சனி

மப்பு வானம். அத்தானோடு வலை இழுக்கப் போனேன். இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. எனக்கு நிற்கவே வரவில்லை. அவர் வீட்டு முற்றம் மாதிரி நடக்கிறார். திரும்பும்போது கெளிற்று மீனை மிதித்துவிட்டார். முள் உள்ளங்காலில் முறிந்து நின்றது. குறட்டால் இழுத்தோம், பாதிதான் வந்தது.

அக்கா கத்தினாள். "இது எத்தின தரம் குத்தினது கா, விடு," என்றார் அத்தான். மஞ்சள், சுடுதண்ணீர்.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பற்றரி, அக்காவுக்குத் தைலம்.

ஞாயிறு

மழை. அத்தானுக்குக் காய்ச்சல். கணுக்கால் வரை வீக்கம். ஆசுபத்திரி அக்கரையில். துறைக்குப் போனால் தோணிகள் கட்டிக்கிடக்கின்றன. அக்கரையில் அடிபாடு, மறு அறிவித்தல் வரை ஒருவரும் கடக்கக்கூடாதாம்.

தோணிக்காரர் இல்லையென்று தலையாட்டினார். "விடிய ஒருத்தன் வெளிக்கிட்டான், சுட்டாங்க தம்பி. எனக்கு ஏலாது."

திங்கள்

வீக்கம் முழங்கால் வரை. தோல் கறுத்து மினுங்குகிறது. நாற்றம்.

"உனக்குச் சிங்களம் தெரியும்தானே. போய்க் கேளு தம்பி," என்றாள் அக்கா. பொலன்னறுவை அரிசி ஆலையில் வேலை செய்தபோது பழகிய சிங்களம். வெள்ளை வேட்டியைக் கம்பில் கட்டிக்கொண்டு துறைக் காவலரணுக்கு.

நின்ற ஆமிக்காரன் என்னைவிட இளையவன். எல்லாம் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டான். கடக்க விட மேலிருந்து ஓடர் வரவில்லை என்றான். மனிசன் செத்துப்போவான் என்றேன். விளங்குகிறது, ஓடர் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து காய்ச்சலுக்கென்று இரண்டு பனடோல் எடுத்துத் தந்தான்.

வாங்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய. அக்கா என் கையைப் பார்த்தாள். தண்ணீர் எடுக்கப் போனாள்.

செவ்வாய்

துறை மூடியே. மறுபடி போனேன். வேறு ஆள், கிட்டவே விடவில்லை. வேட்டி, சிங்களம், எல்லாம் வீண்.

அத்தான் பிதற்றுகிறார். "வலைய எடு, நண்டு வெட்டிப்போடும்." "ஓம், எடுத்தாச்சு, எடுத்தாச்சு." அக்கா ஈரத்துணியை மாற்றியபடி. நான் வாசலில். உள்ளே போகப் பயம்.

புதன்

நல்ல வெயில். துறை திறந்துவிட்டது. ஏன் மூடினார்கள், ஏன் திறந்தார்கள், யாரும் சொல்லவில்லை. அத்தானைக் கதவுப் பலகையில் கிடத்தித் தோணியில் ஏற்றினோம்.

டொக்டர்: "ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"



முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்கவேண்டுமாம். அக்கா பேனையை என்னிடம் தள்ளினாள். நான் கையொப்பம் வைத்தேன்.

வியாழன்

உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். அக்கா தேத்தண்ணி வாங்கப் போயிருந்த நேரம் அத்தான் கண் திறந்தார். காலைப் பற்றி அவருக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

"மச்சான், பாதம் கடுக்குது. கொஞ்சம் பிடிச்சு விடு."

"எந்தக் கால் அத்தான்?"

"முள்ளு குத்தினது."

போர்வை அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது. வெறும் மெத்தையில் கை வைத்து அமத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார்.